மூன்று வருட மாணவர்களை வைத்து முப்பது வருட ஆய்வு: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

மரம் எண் 117, உசில். முதல் வருடம் அதன் சுற்றளவு 64.2 செ.மீ. அடுத்த வருடம் 61.8. அளந்த பையன் தாளோடு என்னிடம் வந்து, “சார், மரம் இளைச்சுப் போச்சு” என்றான். சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகச் சொன்னேன். சாயங்காலம் எல்லாத் தாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது 312 மரங்களில் 41 மரங்கள் இளைத்திருந்தன.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. முதல் அணி தரையிலிருந்து 1.30 மீட்டரில் அளந்திருந்தது. இரண்டாம் அணி ஒரு வனவியல் கையேட்டைப் பார்த்து 1.37 மீட்டரில் அளந்துவிட்டது. இரண்டும் புழக்கத்தில் உள்ள அளவுகள்தான். உலகெங்கும் உள்ள பெரிய ஆய்வுத் திடல்களில், அதாவது மரம் அளப்பதற்கென்று எல்லை குறித்து வைத்த நிலங்களில், 1.30. நம் நாட்டு வனத்துறை மரபில் நாலரை அடி, அதாவது 1.37. எந்த உயரம் என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. முதல் அணிக்கு வாயால் சொன்னேன், அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வளாகத்தின் பின்பக்க முள்காட்டில் இளங்கலை மாணவர்களோடு வருடாவருடம் மரம் அளக்கிறோம். நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். விலங்கியல், புவியியல் துறைக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. எதை அளப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் திடல் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். அதில் 1 செ.மீ. விட்டமுள்ள கன்று வரை எண் போட்டு அளக்கிறார்கள். அதைப் பற்றிப் படித்துவிட்டு நாமும் அதே மாதிரி செய்யலாம் என்று கிளம்புவதுதான் முதல் பொறி. அங்கே அதையே வேலையாகச் செய்யும் களப் பணியாளர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது தேர்வுகளுக்கு நடுவே கிடைக்கும் நாலு சனிக்கிழமை.

நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: எல்லாம் கெட்டுப்போன ஒரு வருடத்தில், நாலே மாணவர்கள், மூன்றே நாளில் இதை முடிக்க முடியுமா? முடியும் என்றால் தொடங்குங்கள். முடியாது என்றால் திடலைச் சுருக்குங்கள்.

இளங்கலை மாணவர்களால் நன்றாகச் செய்ய முடிகிறவை மூன்று. வருடத்துக்கு ஒருமுறை மரச் சுற்றளவு. வாரத்துக்கு ஒருமுறை இலை, பூ, காய் பார்த்துக் குறிப்பது. மாதத்துக்கு ஒருமுறை பறவைக் கணக்கு. இரண்டாவதுக்கு, மரங்களின் பருவ மாற்றத்தைக் கவனிக்கும் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தின் முறை எளிமையானது. தளிர், பூ, பழம் ஒவ்வொன்றும் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று குறித்தால் போதும். பறவைக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு பழகலாம். 2015-இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கிறது, 15 நிமிடம் நின்று பார்த்து, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் ஆயிற்று.

மூன்றையும் ஒரே வருடத்தில் தொடங்காதீர்கள். நாங்கள் தொடங்கினோம். பறவைக் கணக்கு ஏழு மாதத்தில் நின்றது.

2. இடமும் கடிதங்களும்

இடம் யாருடையது என்பதைப் பொறுத்து ஆவணம் மாறும்.

கல்லூரி வளாகம் என்றால் முதல்வரின் கடிதம் மட்டும் போதாது. தனியார் கல்லூரியானால் செயலரின் கையெழுத்தும் வேண்டும். கடிதத்தோடு வளாக வரைபடத்தில் திடலைச் சிவப்பு மையில் குறித்து, ‘இந்தப் பரப்பில் மரம் வெட்டுவது, கட்டடம் கட்டுவது, சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கு முன் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். ‘சுத்தம் செய்வது’ என்ற சொல் முக்கியம். எங்கள் திடலை 20 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறோம்; அதில் இரண்டு கட்டங்களை, கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரும் நேரத்தில் ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முள்ளும் புதருமாகக் கிடக்கிறதே என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. இரண்டுக்கும் முதல்வர் வழியாகவே அனுப்புங்கள். ஆய்வுத் திட்டம் இரண்டு பக்கம், மாணவர் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல், போகும் தேதிகள், எதையும் பறிக்கவோ பிடிக்கவோ மாட்டோம் என்ற உறுதிமொழி, இவ்வளவும் இணைப்பில் இருக்கட்டும். மாதிரி சேகரிப்பதானால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நுழைய அனுமதி இருக்கிறது என்பதால் ஒரு கிளையை ஒடிக்க அனுமதி இருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். ஒரு காப்புக்காட்டு அனுமதிக்கு நாங்கள் ஐந்து மாதம் காத்திருந்தோம். ஜனவரியில் போக வேண்டும் என்றால் ஜூனில் அனுப்புங்கள். அனுமதி வந்த பிறகும் முதல் நாள் காலையில் வனச்சரகரை நேரில் பார்த்துவிட்டுப் போவது மரியாதை, பாதுகாப்பும்கூட. அனுமதிக்கு முடிவுத் தேதி இருக்கும், அதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க எழுதுங்கள்.

ஏரி, கண்மாய் என்றால் ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் உள்ளவை நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். கோயில்காடு என்றால் கடிதத்தைவிட ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் அனுமதி. எந்தக் கோயில்காட்டில் செருப்பு போடக்கூடாது, எந்த நாளில் உள்ளே போகக்கூடாது என்பதை அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஆய்வாளர் யாராவது கூட்டுச் சேர்ந்தாலோ, மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தாலோ, சென்னை தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள்.

3. ஆள் சேர்ப்பது

மூன்றாம் வருட மாணவர்களை மட்டும் வைத்துத் தொடங்குவது பெரிய தவறு. அவர்களுக்குத்தான் ப்ராஜெக்ட் இருக்கிறது, ஆர்வமாக வருவார்கள். ஆனால் ஏப்ரலில் போய்விடுவார்கள், கற்றுக்கொண்டதும் அவர்களோடு போய்விடும்.

முதல் வருடத்தின் இரண்டாம் பருவத்தில் சேருங்கள். முதல் பருவத்தில் வேண்டாம், அப்போதுதான் ஊரை விட்டு வந்திருப்பார்கள், ஹாஸ்டல் சாப்பாடே பழகியிருக்காது. ஒரு வருடத்துக்கு ஆறு பேர் போதும். அதில் மூன்று பேர் நிலைப்பார்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள். எங்கள் திடலில் மரத்தைப் பட்டையைத் தொட்டே சொன்னவள் ஆடு மேய்த்து வளர்ந்த பெண். அரியர் மூன்று இருந்தது. இலையே இல்லாத பங்குனியில் வெப்பாலைக்கும் உசிலுக்கும் வித்தியாசம் அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஜோடி எப்போதும் ஒரு சீனியர், ஒரு ஜூனியர். ஜூனியர் அளக்க வேண்டும், சீனியர் எழுத வேண்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், சீனியர் கையில் டேப் இருப்பதுதான் கௌரவம் என்று. அப்படிச் செய்தால் ஜூனியர் ஒரு வருடம் முழுக்க எழுத்தர் வேலை மட்டும் பார்த்திருப்பான்.

4. வீட்டுச் சம்மதம், பாதுகாப்பு, சாப்பாடு

பெற்றோர் கடிதத்தை ஆங்கிலத்தில் அச்சடித்து அனுப்பினால் கையெழுத்து வரும், சம்மதம் வராது. தமிழில், இந்த அளவுக்கு நேராக எழுதுங்கள்:

‘உங்கள் மகள் பொங்கல் முடிந்து நான்கு சனிக்கிழமைகள் காலை 6.30 முதல் மதியம் 1 மணி வரை கல்லூரியின் பின்பக்கக் காட்டில் மரம் அளக்கும் பணியில் இருப்பார். உடன் ஒரு பெண் ஆசிரியர் இருப்பார். காலை உணவு தரப்படும். முள், பூச்சி, பாம்பு உள்ள இடம். அதற்கான காலணியும் முதலுதவியும் உள்ளன. வர விருப்பமில்லை என்றால் மதிப்பெண் குறையாது.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கீழே உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். சில அம்மாக்கள் கூப்பிடுவார்கள், பேசுங்கள். வர முடியாமல் போகும் பெண்களில் பாதிப்பேர் அந்த ஒரு போன் பேச்சில் வந்துவிடுகிறார்கள்.

பயண நேரத்தைக் கடைசிப் பேருந்தை வைத்துக் கணக்கிடுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் இல்லை என்பது எங்கள் பட்ஜெட்டுக்குப் பெரிய உதவி. பையன்களுக்கு நாங்கள் கொடுக்கிறோம். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகும் பையன்கள் ஒவ்வொரு அணியிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சனிக்கிழமை என்பது ஒரு நாள் கூலி. முகூர்த்த நாட்களில் வரச்சொல்லாதீர்கள். ‘ஆர்வம் இல்லை’ என்று நான் இரண்டு பேரை நீக்கியிருக்கிறேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

பாம்பு விஷயத்தில் வீராப்பு வேண்டாம். முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ், கையில் ஒரு குச்சி, இலைச்சருகுக்குள் கையை விடக்கூடாது. கடிபட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையாமல் உட்காரவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கும் அருகாமை அரசு மருத்துவமனை எது என்று முன்னதாகவே நேரில் போய்க் கேட்டு வாருங்கள்.

பாம்பைவிட எங்களுக்குத் தொல்லை கொடுத்தது செந்தட்டியும் பூனைக்காலியும். தொட்டால் அரிப்பிலேயே அன்றைய வேலை முடிந்தது. அப்புறம் உண்ணிக் காய்ச்சல். காட்டுக்குப் போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ‘புதரில் வேலை செய்தேன்’ என்று சொல்லும்படி ஒவ்வொருவருக்கும் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

காலைச் சாப்பாடு போடுங்கள். இட்லி, பொங்கல், எதுவானாலும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் பாதிக்கு மேல். ஒன்பதரை மணிக்கு மேல் எழுதிய எண்களில் தவறு கூடுவதை எங்கள் தாள்களிலேயே பார்த்தேன். இட்லி வந்த பிறகு குறைந்தது.

5. கட்டம் போடுவதும் செலவும்

20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். 25 கட்டம் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். நாங்கள் பத்துக் கட்டத்தில் தொடங்கினோம், 40 மீட்டருக்கு 100 மீட்டர். மூலைகள் பதினெட்டு.

மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) வேண்டாம். கட்டத்தின் மூலைவிட்டம் 28 மீட்டர் 28 செ.மீ. வர வேண்டும். வந்தால் சரி. சரிவான நிலமானால் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடிக்காமல் மட்டமாகப் பிடியுங்கள்.

மூலைக்கு என்ன ஊன்றுவது? பிவிசி குழாயைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். இரும்புக் கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கல் நடுங்கள். நாங்கள் கல் நட்ட வாரத்தில் பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் வந்து, “சென்ட் என்ன விலை?” என்று கேட்டார்கள். ஆய்வு நிலத்தை ஆங்கிலத்தில் ‘பிளாட்’ என்று மாணவர்கள் டீக்கடையில் பேசியதை வைத்து, கல்லூரி நிலத்தை மனை போட்டு விற்கிறது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அன்றிலிருந்து திடல் என்றுதான் சொல்கிறோம். நடுவதற்கு முன்பே ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மரத்துக்கு எண் அலுமினியத் தகட்டில். கடையில் தகடு வாங்கிச் சிறு சிறு துண்டாக வெட்டி, நம்பர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்தோம். பெயின்டில் எழுதிய எண் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஆணியை முழுக்க அடிக்காதீர்கள், இரண்டு மூன்று செ.மீ. வெளியே நிற்கட்டும், தலை கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போது தகடு தலைப்பக்கம் சரிந்து தொங்கும், பட்டை அதை விழுங்காது. அளக்கும் உயரத்திலேயே ஆணி அடித்தால் அந்த இடம் வீங்கி அளவைக் கெடுக்கும், ஒரு அடி மேலே அடியுங்கள். கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டவே கூடாது.

தையற்கடை டேப் வாங்காதீர்கள். ஒரு பருவத்தில் நீண்டுவிடும். ஃபைபர் டேப் வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2018-இல் எங்களுக்கு முதல் வருடச் செலவு 13,700 ரூபாய். கல்லும் அதை ஏற்றி வந்த வண்டியும்தான் பெரிய செலவு, 4,200. அடுத்தது ஆறு ஜோடி கம்பூட்ஸ், பிறகு தகடு. அதற்குப் பிறகு வருடாவருடம் சாப்பாடு, பயணம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,000 பக்கம். இன்றைக்குக் கூடுதலாகத்தான் ஆகும்.

6. அளக்கப் பழக்குவது

அளவெடுப்புக்கு முன் இரண்டு சனிக்கிழமை பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குங்கள். வகுப்பறையில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஒரே பத்து மரத்தை எல்லா ஜோடியும் அளக்கட்டும், ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல். பிறகு கரும்பலகையில் போடுங்கள். முதல் தடவை ஒரே மரத்துக்கு மூன்று செ.மீ. வரை வித்தியாசம் வரும். ஏன் என்று அவர்களே மரத்தடிக்குப் போய்ச் சண்டை போடுவார்கள். போடட்டும். அந்தச் சண்டையில் கற்றுக்கொள்வது உங்கள் விரிவுரையில் வராது.

உயரம்: 1.30 மீட்டருக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் குச்சியை ஊன்றி, அந்த இடத்தில் பெயின்டில் ஒரு கோடு. அடுத்த வருடம் குச்சி தேவையில்லை, கோட்டின் மேல் அளந்தால் போதும். 117-ஆம் மரத்துக்கு இந்தக் கோடு இருந்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பாருங்கள். சாய்ந்த மரத்துக்குச் சாய்வோடு ஒட்டி. 1.30-க்குக் கீழே பிரிந்த மரத்தில் ஒவ்வொரு தண்டும் தனி அளவு, ஒரே எண்ணில் அ, ஆ, இ. அந்த இடத்தில் முண்டோ புண்ணோ இருந்தால் அளவை மேலேயோ கீழேயோ நகர்த்தி, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று எழுத வேண்டும்.

டேப்பைச் சுற்றும்போது கொடியை ஒதுக்கி, உரியும் பட்டையை லேசாகத் தட்டிவிட்டு, டேப் எல்லாப் பக்கமும் மட்டமாக இருக்கிறதா என்று மரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் இறங்கியிருக்கும். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

எண்ணைச் சொல்லும் விதம்: மாணவர்கள் ஆங்கிலத்தில் கத்துவார்கள். காற்றில் ‘பிஃப்டீன்’ என்பது ‘பிஃப்டி’யாக விழும், ‘தர்ட்டீன்’ ‘தர்ட்டி’யாகும். ஒவ்வொரு இலக்கமாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: “ஆறு, நாலு, புள்ளி, ரெண்டு.” எழுதுகிறவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அளக்கிறவர் “சரி” என்ற பிறகுதான் அடுத்த மரம்.

போன வருட எண் கையில் இருக்கலாமா? எழுதுகிறவரிடம் இருக்கலாம், அளக்கிறவரிடம் இருக்கக்கூடாது. வித்தியாசம் அதிகமாக வந்தால் எழுதுகிறவர் “திரும்ப அள” என்று மட்டும் சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் டேப் போன வருட எண்ணுக்குத் தானாக வந்து நிற்கும்.

மரம் பெயர்: உள்ளூர்ப் பெயரை மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ‘பாலை’ என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஏழிலைப்பாலையா, வெப்பாலையா, உலக்கைப்பாலையா, குடசப்பாலையா? நாலும் வெவ்வேறு மரம். தாவரவியல் பெயரும் கூடவே வேண்டும். தெரியாத மரத்துக்கு ‘தெரியாதவன் 1’, ‘தெரியாதவன் 2’ என்று பெயர் வைத்து, இலை, பட்டை, காய் படம் எடுத்துக்கொண்டு, திருச்சி ரபினாட் உலர்தாவரகத்துக்கோ (உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) கோவையில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்துக்கோ போய்க் கேளுங்கள். மாணவர்களையும் கூட்டிப் போங்கள். நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒட்டி வைத்த கிளையில் தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கடைசியாக, இருபது மரத்துக்கு ஒன்று வீதம் குலுக்கிப் போட்டு எடுத்து, வேறு ஜோடியை வைத்துத் திரும்ப அளக்கச் செய்யுங்கள். யார் தவறு செய்தார்கள் என்று பட்டியல் போடாதீர்கள். போட்டால் அடுத்த வருடம் தவற்றை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

7. தாள், கணினி, பீரோ

பென்சிலால் எழுதுங்கள், பேனா மழையில் கரையும். அழிப்பான் கொண்டுபோகக்கூடாது. தவறானால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதட்டும்.

குறியீடு மூன்று வைத்திருக்கிறோம்: உயிருள்ளது ‘உ’, செத்தது ‘செ’, தேடியும் கிடைக்காதது ‘கா’. செத்ததையும் காணாமல் போனதையும் ஒன்றாக எழுதினால் உங்கள் இறப்புக் கணக்கு முழுக்கப் பொய். தாளில் எண் எழுதும் இடத்தை வெறுமையாக விடவே கூடாது. வெறுமை என்றால் மரம் இல்லையா, அளக்க மறந்தார்களா என்று ஐந்து வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலமே எக்செலில் ஏற்றுங்கள், ஒருவர் படிக்க இன்னொருவர் தட்டச்சு. தேதியை 2024-01-20 என்ற மாதிரி வருடம் முன்னே வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளும் மாதமும் இடம் மாறும். எங்கள் இரண்டாம் வருடக் கோப்பு ஒரு மாணவனின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவன் கடவுச்சொல்லை மறந்தான், கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். துறைக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, கடவுச்சொல்லை உறையில் போட்டுத் துறைத்தலைவரிடம் கொடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், எடுத்த தேதியும் இடமும் படத்திலிருந்து உதிர்ந்துவிடும்.

காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேன் செய்த பிறகும் மூலத்தாள் வேண்டும். மரப் பீரோ வேண்டாம், கரையான். இரும்புப் பீரோவில் மேல்தட்டில் வையுங்கள்.

8. எப்போது அளப்பது

வறண்ட காலத்தில் மரம் தண்ணீர் இழந்து உண்மையாகவே கொஞ்சம் சுருங்கும். ஒரு வருடம் ஜனவரியிலும் அடுத்த வருடம் ஏப்ரலிலும் அளந்தால் வளர்ச்சி என்று நீங்கள் எழுதுவது பாதி தண்ணீர்க் கணக்கு. எங்களுக்குப் பொங்கல் முடிந்த சனிக்கிழமையிலிருந்து நாலு வாரம் சரியாக அமைகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், இலை இன்னும் இருக்கும், இன்டர்னல் தொடங்கியிருக்காது. நவம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், மழையும் பருவத்தேர்வும் சேர்ந்து வரும்.

9. பணம்

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது ஒரு வருடத்தில் முடிகிற ப்ராஜெக்டுக்கு. ‘நீண்டகாலக் கண்காணிப்பு’ என்று எழுதினால் என்ன முடிவு வரும் என்று கேட்பார்கள். ‘முள்காட்டில் உசில் கன்றுகள் எங்கே பிழைக்கின்றன’ என்ற மாதிரி ஒரு வருடக் கேள்வியாக எழுதுங்கள், திடலின் எண்களை அடித்தளமாகக் காட்டுங்கள்.

மாணவர்களுக்கு நேரடியாக வருவது இரண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு வருடம் 80,000, அதில் 20,000 கோடை ஆய்வுக்கு. உங்கள் வகுப்பில் யாராவது வாங்குகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கோடை ஆய்வைத் திடலிலேயே செய்யலாம். மற்றது நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து தரும் கோடை ஆய்வு ஊக்கத்தொகை. இரண்டு மாதம் ஒரு ஆய்வகத்தில் இருக்கலாம், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு முந்தின வருடக் கடைசியிலேயே வந்துவிடும், பிப்ரவரியில் தேடினால் முடிந்திருக்கும். ஒரு பக்கம் தன் ஆர்வத்தைப் பற்றி எழுதச் சொல்வார்கள். மாணவர்கள் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். “நீ 117-ஆம் மரத்தை அளந்ததை எழுது” என்று சொல்லுங்கள்.

இதெல்லாம் கிடைக்காத வருடம் உங்கள் கையிலிருந்து போகும். முதல் மூன்று வருடம் எனக்கு அப்படித்தான்.

10. பெயர் போடுவது

ஒவ்வொரு தாளிலும் அளந்தவர், எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். கோப்பிலும் அதே பெயர்கள். கட்டுரை எழுதினால் வேலை செய்தவர்கள் பெயர் இருக்க வேண்டும், படித்து முடித்துப் போய்விட்டார்கள் என்பது காரணம் ஆகாது. சான்றிதழில் ‘பங்கேற்றார்’ என்று மட்டும் போடாமல் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள், முதுகலை நேர்முகத்தில் அதுதான் கேட்கப்படும். உங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பீட்டுப் புள்ளி (கிரெடிட்) இருந்தால் அதில் இதைச் சேர்க்க முடியுமா என்று ஜூன் மாதமே துறைக் கூட்டத்தில் கேளுங்கள், ஜனவரியில் கேட்டால் தாமதம்.

11. உங்களுக்கே மாறுதல் வந்தால்

மாணவர்கள் போவதைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். அரசுக் கல்லூரி நண்பர் ஒருவருக்கு நடுவருடத்தில் மாறுதல் வந்தது, அவருடைய திடல் அதோடு நின்றது. மரங்கள் நிற்கின்றன, தகடும் தொங்குகிறது, எது எந்த மூலை என்று யாருக்கும் தெரியவில்லை.

அதனால் தொடங்கிய வருடமே இன்னொரு ஆசிரியரைக் கூட்டுச் சேருங்கள், முடிந்தால் உங்களைவிட வயதில் இளையவர். ஆய்வக உதவியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பல கல்லூரிகளில் நம்மைவிட நீண்ட நாள் அங்கே இருக்கப்போகிறவர் அவர்தான். ஒரு நோட்டில், கல்லூரி வாசலிலிருந்து முதல் கல்லுக்கு எப்படி நடப்பது என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் திடலுக்கே வராத ஒரு மாணவியிடம் அந்த நோட்டை மட்டும் கொடுத்து, 117-ஆம் மரத்தைக் கண்டுபிடித்து அளந்து வரச் சொல்லுங்கள். எங்கள் நோட்டை வைத்துக்கொண்டு போனவள் முதல் தடவை தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். இடது, வலது என்று எழுதியிருந்தேன், எந்தப் பக்கம் பார்த்து நின்றால் என்று எழுதவில்லை. மூன்றாவது திருத்தத்தில் இன்னொரு பெண் நாற்பது நிமிடத்தில் 66.9 என்று எழுதிக்கொண்டு வந்தாள். அந்த நோட்டின் ஒரு நகல் நூலகத்தில், ஒரு நகல் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி ஆய்வக உதவியாளரிடம்.